பாத்ரூம் இல்லாத பெட்டி

பெஹாலாவில் எங்கள் மேல்வீட்டுத் தமிழர், நூலால் கட்டிய கண்ணாடி போட்டிருப்பார். பழைய பொம்மை ரயில்பெட்டிகளை அறுத்து ஒட்டி, புதுப்பெட்டி செய்வார். அறுக்கும்போது மூச்சே விடமாட்டார்.

ஒருநாள், இனிமேல் கடையில் கிடைக்காத இரண்டு பெட்டிகளின் நடுப்பகுதிகளை ஒட்டிச் செய்த நீளப்பெட்டி ஒன்றைக் காட்டினார்.

“சார், இதுல பாத்ரூமே இல்லையே!” என்றேன்.

“ஐயையோ! ரெண்டு முனையையும் வெட்டிட்டேனே!” வெட்டிய முனைகளைத் தேடி எடுத்து, மறுபடி ரம்பத்தைப் பிடித்தார்.

“விடுங்க சார், உடைஞ்சா வேற கிடைக்காது. உள்ள யாரு இருக்கா?”

“ஹவுரால ஏறினா சென்னைக்கு ஒரு பகல், ஒரு ராத்திரி. அடக்கிக்கிட்டா போவாங்க?” என்றார், சிரிக்காமல்.

பிள்ளைகளே, அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அறுத்தார். நானும் பிடித்துக்கொண்டேன். யாருக்காக என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.