லாம்ப்ரோஸின் இரண்டு பைகள்

கோஸ்மாஸ் இறந்த முதல் குளிர்காலத்தில் அவன் மனைவி எவாந்தியா ஒன்பது நாள் காய்ச்சலில் படுத்துவிட்டாள். பத்தாம் நாள் எழுந்ததும் எண்ணெய்ப் புட்டியை எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்கு ஓடினாள். அவன் கல்லறை விளக்கு அணைந்து எத்தனை நாளாயிற்றோ என்று வழியெல்லாம் கணக்குப் போட்டாள். கண்ணாடிக் கூண்டுக்குள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. திரி அவள் விடுவதுபோல நீளமாக இல்லை. நகத்தளவுக்குக் குட்டையாக, ஒரே சீராக வெட்டியிருந்தது. வாசலருகே சைப்ரஸ் சருகுகளைக் கூட்டிக்கொண்டிருந்த லாம்ப்ரோஸ் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளும் ஒன்றும் கேட்கவில்லை.

லாம்ப்ரோஸ்தான் கடலோர ஊரான ப்ரெவெசாவில் குழி வெட்டுகிறவர். அதற்கு முன் இருபது வருடம், ஊருக்கு வடக்கே இடிந்து கிடக்கிற பழைய நகரத்தில் காவலாளியாக இருந்தார். அடிமையாக இருந்து விடுதலையாகி, அங்கே ஒரு காலத்தில் தத்துவப் பாடம் சொன்ன நொண்டி ஒருவரின் கதையை, வருகிறவர்களுக்கு வழிகாட்டிகள் சொல்லச் சொல்லக் கேட்டு அவருக்கு மனப்பாடம். உலகத்தில் சில விஷயம் நம் கையில் இருக்கிறது, சில விஷயம் இல்லை. முதலில் அதைப் பிரித்துக்கொள். அவ்வளவுதான் பாடம். லாம்ப்ரோஸ் அதைத் தன் கால்சட்டைக்குக் கொண்டுவந்துவிட்டார். வலது பை நம்முடையது, இடது பை நம்முடையது இல்லை. யார் எதைச் சொல்லிப் புலம்பினாலும், "எந்தப் பைம்மா அது?" என்பார்.

காப்பிக்கடையில் அவரைக் கேலி செய்யாமல் விடமாட்டார்கள். "லாம்ப்ரோஸ், உன் கால்சட்டையே கிழிஞ்சு தொங்குது. எந்தப் பையில போட்டாலும் கீழதான் விழும்!" என்பான் கடைக்காரன். அவரும் சிரிப்பார். ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் பிடித்த பந்தாட்டக் குழு தோற்றுவிட்டால் மட்டும் இரண்டு பையும் மறந்துபோய், வானொலிப் பெட்டியைத் திட்டிக்கொண்டிருப்பார்.

மூன்று வருடம் முடிந்து நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. கோஸ்மாஸின் குழியைத் திறக்க வேண்டும். எலும்புகளை எடுத்து, ஒயினில் கழுவி, பெட்டியில் வைத்து, இடத்தை அடுத்தவருக்கு விட வேண்டும். எல்லா வீட்டிலும் நடப்பதுதான். உடல் முழுதும் கரைந்து, எலும்பு மஞ்சளாக வந்தால் நிம்மதி. கரையாமல் கிடந்தால்தான் ஆபத்து. யாரோ சபித்திருக்கிறார்கள் என்று ஊர் சொல்லும்.

எவாந்தியா சபித்திருந்தாள். மழை கறுத்து வந்த ஒரு நாள், ஒலிவப் பழமெல்லாம் மரத்தடியில் விரித்த வலையில் கிடக்க, கோஸ்மாஸ் காப்பிக்கடையில் சீட்டாடிக்கொண்டிருந்தான். கடை வாசலில் நின்று, நாலு பேர் பார்க்க, "மண்ணுகூட உன்னைத் தின்னாமப் போக!" என்று கத்திவிட்டு வந்தாள். மறுநாளே ஒலிவத் தோப்பில் அவனுக்கு நெஞ்சு நின்றுவிட்டது.

கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு லாம்ப்ரோஸிடம் போனாள். எல்லாவற்றையும் சொல்லி அழுதாள்.

"அண்ணே, நீங்க மட்டும் முன்னாடியே கொஞ்சம் தோண்டிப் பாத்துச் சொல்லுங்களேன். யாருக்கும் தெரியவேண்டாம்."

"மாட்டேன்மா."

"கரையலேன்னா நான் எப்படிண்ணே இந்த ஊர்ல நடமாடுவேன்?"

லாம்ப்ரோஸ் மண்வெட்டியைச் சுவரில் சாத்தினார். "கரையறதும் கரையாததும் களிமண்ணு, தண்ணி, அவன் தின்ன மருந்து. கடல்பக்க வரிசை அது, ஈரம் ஜாஸ்தி. அதெல்லாம் இடது பை. நீ சொன்ன சொல்லு?"

"அது என்னுதுதான்." அவள் குரல் இறங்கிவிட்டது. "கோவில்ல ஸ்தாத்திஸ் சாமிகிட்ட பாவத்தைச் சொல்லி, பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன். கர்த்தர் மன்னிச்சார்னு சொன்னார்."

"நல்லது. கோஸ்மாஸோட அக்காகிட்ட சொன்னியா?"

எவாந்தியா கடிதத்தை மடித்தாள். நாத்தனார் கலிரோயின் முகத்தைப் பார்த்தே மூன்று வருடமாயிற்று. கோவிலில் அவள் இந்தப் பக்கம் என்றால் இவள் அந்தப் பக்கம்.

"அதுதான் இன்னும் உன் வலது பையில கிடக்கு. குழியைத் திறக்கறதுக்கு முன்னாடி எடுத்துப்போடு. அப்புறம் மண்ணு என்ன காட்டினாலும் பாத்துக்கலாம்."

சனிக்கிழமை காலை குழியருகே ஸ்தாத்திஸ் சாமி தூபம் காட்டினார். கலிரோய் கறுப்பு முக்காட்டோடு வந்து நின்றாள். லாம்ப்ரோஸ் மண்வெட்டியைக் கையில் எடுத்தவர், அதில் ஏதோ ஒட்டியிருப்பதுபோல நிதானமாகச் சுரண்டத் தொடங்கினார். அதற்குள் எவாந்தியா மாதாவை நினைத்துக்கொண்டு நாத்தனாரிடம் போனாள்.

"மதினி, கடைசியா நான் அவருக்குச் சாபம் கொடுத்தேன். மண்ணு தின்னாமப் போகன்னு சொன்னேன். உங்ககிட்ட மறைச்சுட்டேன். மன்னிச்சுக்கோங்க."

கலிரோய் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "இதுக்காடி மூணு வருஷமா என்னைப் பாத்தா ஓடினே? என்னமோ என்மேல கோபம்னுல்ல இருந்தேன்!"

"உங்களுக்குத் தெரியுமா?"

"அன்னிக்கே வந்து சொன்னானே! என் வீட்டுச் சமையலறையில உக்காந்து வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சான். 'அக்கா, மண்ணு என்னைத் தொடாதாம். இனி எனக்குச் சாவே கிடையாது. இன்னொரு தட்டு பீன்ஸ் போடு'ன்னான். தின்னுட்டு, மறுநாள் காலையில ஒலிவப் பழம் பொறுக்கப் போறேன், அவ கோபம் நியாயம்னு சொல்லிட்டுத்தான் போனான்."

எவாந்தியா நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.  அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று சாமிக்கே தெரியவில்லை. கலிரோய் அவள் கையைப் பிடித்துத் தூக்கினாள்.

லாம்ப்ரோஸ் குழியில் இறங்கினார். முழங்கால் ஆழத்துக்குப் பிறகு மண்வெட்டியை மேலே கொடுத்துவிட்டுக் கையால் மண்ணை விலக்குவது அவர் வழக்கம். பிடி பிடியாக மண் மேலே வந்தது. பிறகு, ஒரு பறவைக்குஞ்சைத் தூக்குவதுபோல, மண்டையோட்டை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினார். சுத்தமான மஞ்சள். மெழுகு நிறம். கலிரோய் முத்தமிட்டுக் கொடுக்க, எவாந்தியா வாங்கி ஒயினில் கழுவினாள்.  கடைசியில் மேலே வந்தது கோஸ்மாஸின் நைலான் காலுறை இரண்டு, கடையில் வாங்கியதுபோல முழுசாக.

"உன் சாபம் காலுறைக்குத்தான்டி பலிச்சிருக்கு," என்றாள் கலிரோய்.

லாம்ப்ரோஸ் மேலே ஏறி வந்து கழுத்து வேர்வையைத் துடைத்தார். "அப்பாடா! எனக்கும் உதறிக்கிட்டுத்தான்மா இருந்தது."

"அது இடது பைன்னீங்களே அண்ணே?"

"இடது பைதான். அதுக்காக அதுக்குள்ள கையை விட்டுப் பாக்காம இருக்க முடியுதா?"

மறு வருடம் முட்டி வலி தாங்காமல் லாம்ப்ரோஸ் வேலையை விட்டார். வோலோஸ் ஊரில் இருக்கிற மகளோடு இருக்கப் புறப்பட்டார். எவாந்தியாவும் கலிரோயும் சேர்ந்து சுட்ட சீஸ் பணியாரத்தை எடுத்துக்கொண்டு, எவாந்தியா பேருந்து நிலையத்துக்குப் போனாள். வண்டி கிளம்பும்போது அவளுக்குத் தாங்கவில்லை.

"என் முறை வரும்போது என்னை யாருண்ணே பாத்து, பதமா எடுப்பாங்க?"

லாம்ப்ரோஸ் படியில் ஏறி நின்று திரும்பினார்.

"அது இடது பைம்மா, விடு. நீ போய் கோஸ்மாஸோட பெட்டிக்கு முன்னாடி எரியற விளக்கைப் பாரு. திரியை மட்டும் எப்பவும்போல நீளமா விட்டுடாதே, புகையுது. நான் வெட்டினேனே, அந்த அளவுக்கு வெட்டு."