குழாயில் தொங்கிய சீலிங்

பசறை வீதியில் நடந்துகொண்டிருந்தேன். பின்னால் இருந்து வந்த இரண்டு பஸ்களும் என்னைக் கடந்து போயின. கை காட்டவில்லை. ஏறினால் தெரிந்தவர்கள் யாராவது மண்டப வேலை முடிந்துவிட்டதா என்று கேட்பார்கள். முடிந்துதான் இருந்தது.

பதுளை பஜாரில் ஒரு மாடிக் கடையை வரவேற்பு மண்டபமாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். கொழும்பில் இரண்டு வருஷம் சீலிங்காரர்களுக்கு ஏணி பிடித்தவன் என்பதால் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு அதற்கு மேல் தகுதி கிடையாது. மேலே கொங்கிரீட் தட்டில் கம்பிகளை அடித்து, அவற்றில் அலுமினியச் சட்டங்களைத் தொங்கவிட்டு, சதுரப் பலகைகளை வைக்க வேண்டும். மண்டபத்தின் நடுவில் மட்டும் அது நடக்கவில்லை. அங்கே ஒரு உத்தரம் தாழ்ந்து வந்தது. அதற்கும் கீழே ஏசிக் காற்று போகும் அகலமான தகரக் கூடு. கம்பி மேலே போக வழியில்லை. கூட்டின் இரண்டு பக்கமும் தட்டிலிருந்து போல்ட் இறக்கி, குறுக்கே இரும்பு கொடுத்து, அதில்தான் தொங்கவிட வேண்டும். கொழும்பில் அப்படிச் செய்ததைப் பார்த்திருக்கிறேன். வேலையை எடுத்திருந்த பாஸ் அந்த இரும்பை வாங்கவேயில்லை.

கூட்டை ஒட்டி, மொட்டை மாடித் தண்ணீர்த் தாங்கியிலிருந்து கக்கூசுகளுக்குப் போகும் பெரிய இரும்புக் குழாய் ஓடியது. தேயிலைத் தோட்டத்து ஆட்கள் நாங்கள் நாலு பேர். யாரும் சொல்லாமலே கம்பிகளை அதில் கட்டினோம். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் கூரை மரத்தை நம்ப முடியாது, கறையான் தின்றிருக்கும். தேயிலைத் தொழிற்சாலையில் கழித்துப் போட்ட இரும்புக் குழாயைச் சுவருக்குச் சுவர் போட்டிருப்போம். தொட்டில், துணிக்கொடி, ஒழுகலுக்குக் கட்டும் உரச்சாக்கு எல்லாம் அதில்தான் தொங்கும். அந்தக் குழாயைச் சுவர் தாங்கியது. மண்டபத்துக் குழாய் தானே நாலு சின்ன போல்டில் தொங்கிக்கொண்டிருந்தது. எங்களில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை.

அன்று காலையில்தான் முதல் தடவையாக அந்தக் குழாயில் தண்ணீர் விட்டார்கள். மட்டம் வைத்துப் பார்த்தேன். நடுச் சீலிங் ஒரு விரல் இறங்கியிருந்தது. சோறு தின்றுவிட்டு வந்து பார்த்தபோது இன்னும் கொஞ்சம். பாஸிடம் சொன்னேன். குனிந்து சாப்பிட வருகிறவன் அண்ணாந்து பார்ப்பானா என்று கேட்டார். கடைசிப் பலகையை வைத்து மூடச் சொன்னார். மூடினேன். பிறகு பையை எடுத்துக்கொண்டு நடந்தேன். நாளை மறுநாள் அங்கே கல்யாண விருந்து.

கல்யாணம் எங்கள் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரின் மகளுக்கு. மாதா கோயிலில் தாலி, மண்டபத்தில் சாப்பாடு. லயத்து ஆளுக்கு மண்டபம் எதற்கு என்று சிலர் கேட்டதாலேயே அவர் அதைப் பிடித்திருந்தார். அவரே எதிரே வந்தார், கக்கத்தில் குடையும் கையில் அழைப்பிதழ்களுமாக.

"என்னடா மண்டபக்காரா, நீ வேலைய முடிச்சியா, ஒன்னைய முடிச்சி அனுப்பிட்டாய்ங்களா?"

சிரிக்கப் பார்த்தேன். நான் போட்ட சீலிங்குக்கு அடியிலேயே என்னை உட்கார வைத்துச் சோறு போடுவதாகச் சொன்னார். பொண்ணு மாப்பிள்ளை எங்கே உட்காருவார்கள் என்று கேட்டேன். நட்ட நடுவில், ஏசி நேராகப் படுகிற இடத்தில் என்றார்.

அதற்குப் பிறகு என்னால் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். மழை தூறத் தொடங்கியது. அவர் குடையை விரிக்கவில்லை.

"யாரு கட்டுனது?"

"நாந்தாங்க தலைவரே. கூட மூணு பேரு."

"அப்ப நீயே அவுரு."

பாஸ் காலை ஒடித்துவிடுவார் என்றேன்.

"காலு ஒடிஞ்சா கட்டுப் போடலாம்டா," என்றார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் இரண்டு பேரும் பதுளைக்குப் போனோம். மண்டப முதலாளி மாடியைத் திறந்து காட்டினார். எல்லாம் வெள்ளையாக, அழகாக இருந்தது. கல்யாணம் முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். தலைவர் ஒரு நாற்காலியை இழுத்து வந்து நடுவில் போட்டு, பேசி முடிக்கும் வரை இதில் உட்காருங்கள் முதலாளி என்று மரியாதையாகச் சொன்னார். முதலாளி மேலே பார்த்தார். உட்காரவில்லை. ஏணி பின்னால் இருக்கிறது என்றார்.

கூலி எதுவும் பேசவில்லை. அன்று காலை நான் ஏற்றுக்கொண்ட வேலை, நான் வைத்த பலகைகளை இறக்குவது. தாங்கியின் வால்வை மூடிவிட்டு ஏறினேன். முதல் பலகையைத் தள்ளி டோர்ச் அடித்தேன். குழாயைப் பிடித்திருந்த போல்ட் ஒன்று தட்டிலிருந்து பாதி வெளியே வந்திருந்தது. அடுத்ததைச் சுற்றிக் கொங்கிரீட் மாவாக உதிர்ந்து, பலகையின் முதுகில் படிந்திருந்தது.

"தலைவரே, நீங்க வெளிய போயிருங்க," என்றேன்.

அவர் போகவில்லை. ஏணியை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றார்.