நாற்காலி மேல் ஏறிய கண்டக்டரம்மா

கண்டக்டரம்மா ஒரு குரல் கொடுத்தால் பஸ்ஸின் கடைசி இருக்கையில் தூங்குகிறவரும் நிமிர்ந்து உட்காருவார். குடித்துவிட்டு வம்பு செய்கிறவர்களைக் காலரைப் பிடித்து இறக்கிவிடும் கை அவருடையது. அப்பேர்ப்பட்டவருக்கு உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் பயம். கரப்பான் பூச்சி. அலமாரி இடுக்கில் ஒரு மீசை அசைந்தால் போதும், அவர் போடும் கூச்சலில் மாடிப்படி நெடுக எல்லாக் கதவும் திறக்கும்.

அவருடைய மகள் குருவிக்கு ஏழு வயது. மூன்றாம் மாடியில் இருக்கும் வீட்டுக்கு ஏறி வருவதற்குள் நெஞ்சு கீச்சுக்கீச்சென்று இழுக்கும். பள்ளியில் மற்றவர்கள் ஓட, இவள் அவர்களுடைய பைகளுக்குக் காவல் இருப்பாள். கண்டக்டரம்மாவும் கணவரும் அவளை டாக்டரிடம் கூட்டிப்போனார்கள்.

அன்று பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு டாக்டர் கேட்டார்: "வீட்ல கரப்பான் இருக்காம்மா?"

"எங்க வீட்டைப் பத்தி என்ன நெனச்சீங்க டாக்டர்? தரையில கொட்டிச் சாப்பிடலாம்!"

பக்கத்திலிருந்த கணவர், தையல்காரர், தொண்டையைச் செருமினார். "இருக்கு டாக்டர். கூட்டுக் குடும்பமா இருக்கு. வாடகைதான் தர்றதில்ல."

டாக்டர் சிரித்துவிட்டார். "இதுல கூச்சப்பட ஒண்ணுமில்லம்மா, எங்க வீட்லயும் வரும். அதோட எச்சமும் உரிச்ச தோலும் தூளாகிக் காத்துல கலந்துடுது. உங்க பொண்ணுக்கு அது ஒத்துக்கல. இன்ஹேலரை விடாம குடுங்க, வீட்டையும் கவனிங்க."

"டப்பா டப்பாவா மருந்து அடிக்கிறோமே!"

"அந்த நெடியே இழுப்பைக் கிளப்பிவிடும். நிறுத்திடுங்க. தீனி, தண்ணி, ஒளிய இடம், மூணும் கிடைக்காம பண்ணுங்க. பிள்ளை கை எட்டாத மூலையில மருந்துப் பசை வைங்க."

வீடு போர்க்களமானது. தையல்காரர் ஒழுகும் குழாயைச் சரிசெய்தார், சுவர் விரிசல்களைச் சிமெண்டால் அடைத்தார். எச்சில் பாத்திரம் அடுத்த வேளைவரை கிடப்பது நின்றது. கண்டக்டரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டே ஈரத்துணியால் அலமாரிகளைத் துடைத்தார். பூச்சிகள் குறைந்தன, குருவியின் இழுப்பும் தணிந்தது. எல்லோரும் அப்பாடா என்று உட்கார்ந்த வேளையில், சமையலறைக் குழாய் இறங்கும் ஓட்டை வழியாகப் புதுப்படை ஏறி வந்தது. கீழ்வீட்டிலிருந்துதான்.

கீழ்வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடி கடை வைத்திருந்தவர். மனைவி போனபின் தனிக்கட்டை. "மகன் வீட்டுக்கு அடுத்த மாசம் போயிடுவேன்" என்று பல வருடங்களாகச் சொல்லிவந்ததால் 'அடுத்தமாசம்' என்றே அவருக்குப் பெயர் நிலைத்துவிட்டது. கண்டக்டரம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சண்டைக்குப் போனார். குருவியும் பின்னாலேயே போனாள்.

கதவு திறந்ததும் உள்ளே, மகன் வீட்டுக்குப் போகக் கட்டிவைத்த அட்டைப்பெட்டிகள் கூரையை முட்டின. "என்ன சார் இது, வீடா கோடவுனா?" என்று ஆரம்பித்த கண்டக்டரம்மாவின் காலருகே பெட்டியொன்றிலிருந்து கட்டைவிரல் பருமனில் ஒன்று ஓடியது. அடுத்த நொடி அவர் நாற்காலி மேல் இருந்தார். எதிர் நாற்காலி மேல் அடுத்தமாசம் நின்றுகொண்டிருந்தார்.

"உங்களுக்கும் பயமா?"

"உசிரே போயிடும்மா. அதனாலதான் பெட்டியையே தொடறதில்ல."

குருவி சாவகாசமாக மேசையிலிருந்த டம்ளரை எடுத்துப் பூச்சி மேல் கவிழ்த்தாள். "ரெண்டு பேரும் எறங்குங்க. பிடிச்சாச்சு." பெரியவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள்.

சண்டை அங்கேயே செத்தது. கண்டக்டரம்மா தணிந்த குரலில் விஷயத்தைச் சொன்னார். கிழவர் குருவியின் மெலிந்த தோளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போறதா இருந்தா எப்பவோ போயிருப்பேன்மா. மகன் கூப்பிடவே இல்ல. பெட்டியைப் பிரிச்சா அதை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்னு..."

"நாங்க கூப்பிடறோம் சார். இங்கேயே இருங்க. பெட்டியை மட்டும் அனுப்பிடுவோம்."

ஞாயிற்றுக்கிழமை கட்டடம் முழுக்கத் திரண்டது. தூசி ஆகாது என்று குருவியை நான்காம் மாடி வீட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். அவள் சன்னலில் நின்று எல்லோரையும் அதிகாரம் செய்தாள். பெட்டிகள் பிரிக்கப்பட்டு வெளியே போயின, குழாய் ஓட்டைகள் அடைபட்டன. கிழவர் திருமணப் படத்தைச் சுவரில் மாட்டி, சன்னலுக்கு மஞ்சள் திரை தைக்கச் சொல்லித் தையல்காரரிடம் அளவு கொடுத்தார்.

இன்ஹேலர் இன்னும் பையில் இருக்கிறது. ஆனாலும் குருவி படியேறுவது இப்போது கீழ்வீட்டுக்காரருக்கு இடிச்சத்தமாகக் கேட்கிறது. போன வாரம் வகுப்பாசிரியை கண்டக்டரம்மாவை அழைத்து, "உங்க பொண்ணு கத்தற கத்தல்ல பாடமே நடத்த முடியல" என்று குறைபட்டுக்கொண்டார்.

"இன்னொரு தடவை சொல்லுங்க டீச்சர்," என்றார் கண்டக்டரம்மா, முகமெல்லாம் பல்லாக.