கழி நடாத இடம்

பிற்பகல் மூன்றேகால் மணிக்கு, ஏரியின் நடுவே, முழங்கால் தண்ணீரில் என் மகளைப் படகிலிருந்து இறக்கிவிட்டுப் போனேன். அவளாக இறங்கவில்லை. நான்தான் இறக்கினேன். ஐந்து ஆண்டுகளாக என் மனைவிக்கும் தெரியாத உண்மை இது. உங்களிடம் சொல்கிறேன்.

எங்கள் ஏரிக்கரை ஊரான பசியாவரத்தில் இன்று என்னைப் பொறுமைசாலி என்கிறார்கள். இரண்டு வீட்டுக்கு நடுவே சண்டை என்றால் என்னைக் கூப்பிடுகிறார்கள். கோபத்தை எப்படி அடக்குகிறாய் என்று கேட்பவர்களுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். கையில் இருப்பதை முதலில் கீழே வை. மூச்சை மெதுவாக, முழுவதும் வெளியே விடு. மணிக்கட்டு நனையத் தண்ணீர் ஊற்று. அந்த இடத்தை விட்டு நகர்ந்து போ. ஆனால் எப்போது திரும்புவாய் என்று சொல்லிவிட்டுப் போ.

கடைசியாகச் சொன்னதை எங்கே கற்றேன் என்று யாரும் கேட்டதில்லை.

அன்று எங்கள் பாடு. ஏரியின் நல்ல இடங்களில் யார் எந்த நாளில் வலை போடுவது என்பதற்கு ஊரில் முறை உண்டு. அதைத்தான் பாடு என்போம். தவறவிட்டால் அடுத்த முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். கூட வரும் மைத்துனனுக்குக் காய்ச்சல். பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த மகள் செல்வியை அழைத்துப் போனேன். நானும் பட்டம் படித்துவிட்டு வலைக்கே திரும்பியவன்; அவள் படிப்பைப் பற்றிய கவலையில் பல நாள் தூக்கமில்லாமல் இருந்தேன்.

வலையைத் தூக்கும்போது அவள் பக்கத்து ஓரம் கை நழுவிச் சரிந்தது. பாதி இறால் தண்ணீருக்குள் போய்விட்டது. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“வுடு நைனா, அதுங்களுக்கும் இன்னைக்கி சனிக்கெழம லீவு.”

பயத்தை மறைக்கச் சிரித்த சிரிப்பு அது. இன்று புரிகிறது... அன்று என் காது அடைத்துக்கொண்டது.

“எறங்கு” என்றேன்.

“இங்கயா நைனா?”

“எறங்குனு சொன்னேன்ல?”

இறங்கினாள். பாவாடையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் கழியை ஊன்றிப் படகைத் தள்ளினேன்.

எங்கள் ஏரியில் ஒருவரைத் தண்ணீரில் இறக்கிவிட்டால் அந்த இடத்தில் ஒரு கழியை நட்டுவிட்டுத்தான் படகு நகரும். திரும்பி வந்து கூட்டிப் போக அதுதான் அடையாளம். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரித் தெரியும் தண்ணீரில் வேறு அடையாளம் ஏது? படகில் இன்னொரு கழி கிடந்தது. நான் நடவில்லை.

அது கோபமா? பத்துத் தள்ளு தள்ளுவதற்குள் கோபம் அடங்கிவிட்டது. எனக்கே தெரிந்தது. அதன் பிறகும் படகைத் திருப்பாமல் கரைவரை போனது எது? அவள் கூப்பிடட்டும் என்று காத்திருந்தேன்... அவள் கூப்பிடவில்லை.

கரையில் கோமதி, என் மனைவி, நின்றிருந்தாள். “பொண்ணு எங்க?”

“நண்டு பொறுக்கணும்னு அவளே எறங்கிட்டா. அங்க பொம்பளைங்க இருக்காங்க, கூட வந்துருவா.”

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்!

“தண்ணி ஏறுற நேரம்யா. இன்னா மனுசன் நீ, வுட்டுட்டு வந்து நிக்கற?”

திரும்பிப் போனேன். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் வழியாகக் கடல்தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. இறக்கிய இடம் எது என்று என்னால் சொல்ல முடியவில்லை. பெயர் சொல்லிக் கத்தினேன். காற்று எதிர்த்திசையில் அடித்தது. ஆறு மணிக்கு வெறும் படகோடு கரைக்கு வந்தபோது கோமதி அதே இடத்தில் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் ஒரு சிறிய படகு வந்தது. அக்கரையிலிருந்து வந்து கையால் தடவி இறால் பிடிக்கும் மாரியம்மா முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவள் புடவைத் தலைப்புக்குள் செல்வி.

“நெஞ்சுத் தண்ணியில நட்ட கழியாட்டம் நிக்குது உம் பொண்ணு” என்றாள் மாரியம்மா என்னிடம். “வாடினு கூப்ட்டா வர மாட்டேன்னுது. நைனா இந்த எடத்துக்குத்தான் வருவாரு, நவுந்தா தேடுவாருனு சொல்லுது. இழுத்துப் போட்டுக்கினு வந்தேன்.”

கோமதி மகளைத் தோளைப் பிடித்து உலுக்கினாள். “நண்டு பொறுக்க நீயாவா எறங்கின? அறிவில்ல உனக்கு?”

செல்வி என்னைப் பார்த்தாள். உதடு நடுங்கிக்கொண்டிருந்தது, குளிரில். நான் வாய் திறந்திருக்கலாம். அதற்கு நேரம் இருந்தது... நிறைய நேரம் இருந்தது.

“ஆமாம்மா” என்றாள். “நானாத்தான் எறங்கினேன்.”