ஓட்டு மேல் வீசிய பல்

குழந்தைகளே, எனக்கு ஊர் கெலமங்கலம். ஓசூர் கம்பெனி ஒன்றில் வேலை. என் மகள் ரம்யாவுக்குப் பத்து வயது. போன மாதம் ஒருநாள் நானும் அவள் அம்மாவும் வேலைக்குப் போயிருந்தபோது, தண்ணீர்த் தொட்டியருகே வழுக்கி விழுந்தாள். முன்பல் ஒன்று வேரோடு வந்துவிட்டது.

சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்ததும் பதறிப்போய்ப் பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

"விழுந்த பல்லு எங்க கண்ணு?" என்று டாக்டர் கேட்டார்.

"சாணியில வெச்சி ஓட்டு மேல வீசிட்டேனுங்க. சீக்கிரம் முளைச்சிருமில்ல?"

"பால் பல்லுன்னா முளைக்கும். இது அதுக்கப்புறம் வந்த பெரிய பல்லு, திரும்ப முளைக்காதும்மா. அப்பவே பாலுல போட்டுக் கொண்டாந்திருந்தா, அதையே திரும்ப வெச்சுப் பார்த்திருக்கலாம்."

திரும்பும்போது பஸ்ஸில் ரம்யா, "பொக்கவாயின்னு கூப்பிடுவாங்களேப்பா. நெசமாவே முளைக்காதா?" என்றாள்.

எங்கள் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் இப்போது சொல்லிவைக்கிறேன், உங்களுக்கும் சொல்கிறேன். பெரிய பல் விழுந்தால் வேரைத் தொடாமல் எடுங்கள். தேய்த்துக் கழுவாதீர்கள். பாலில் போட்டு, பக்கத்தில் இருக்கும் பெரியவர் யாரையாவது கூட்டிக்கொண்டு உடனே பல் டாக்டரிடம் ஓடுங்கள். அப்பா வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.