கமலா அக்காவின் வாயைக் கட்டாத ஆண்டவர்

யோசுவா, ரூத், என் செல்லப் பிள்ளைகளே,

ரூத், நீ மூச்சுக்குத் தவித்த நாளை அப்பா எழுதி வைக்கிறேன். அப்போது உனக்கு மூன்று வயது. ஓகஸ்ட் மாதம், வெள்ளிக்கிழமை.

நம் கொட்டாஞ்சேனை மாடிவீட்டில் வெள்ளிதோறும் பகலில் உபவாச ஜெபம். மைக் வைத்துப் பாடுவோம். முடியும்வரை யார் தட்டினாலும் கதவு திறப்பதில்லை. கீழ்வீட்டில் தையல் தைக்கும் கமலா அக்கா, கோயிலுக்குப் போகிறவர், சத்தம் தாங்காமல் நாலைந்து தரம் வந்து ஏசியிருந்தார். நானும் வாராவாரம் மைக்கைப் பிடித்து, "ஆண்டவரே, கீழ்வீட்டு வாயைக் கட்டும்" என்று ஜெபித்தேன். அதை விசுவாசம் என்று நினைத்தேன்.

அன்று உனக்குச் சளி. பின்னறையில் படுக்க வைத்திருந்தோம். ஜெபம் முடிந்ததும் டாக்டரிடம் காட்டலாம் என்றிருந்தோம். உன் சுகத்துக்காகவும் கண்ணீரோடு கேட்டோம். நடுவில் கதவு தடதடவென்று தட்டப்பட்டது.

"சண்டைக்கு வந்திட்டா. இன்னும் பலமாப் பாடுங்கோ" என்றேன் நான்.

பாடினோம். தட்டுவது நிற்கவில்லை. பாட்டு ஓய்ந்த நொடியில் அக்காவின் குரல் கேட்டது.

"தம்பி, பிள்ளை மூச்செடுக்க ஏலாமல் இழுக்குது! பின் யன்னலால கேக்குது! திறவுங்கோ!"

அம்மா பின்னறைக்கு ஓடினாள். உன் உதடு நீலம் பாய்ந்திருந்தது. நான் கதவைத் திறந்தேன். என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடிய கமலா அக்காதான் உன்னைத் தூக்கித் தோளில் போட்டார்.

"கீழ திரீவீலர் மறிச்சு வச்சிருக்கிறன், வாங்கோ. பிறகு வந்து பாடலாம். கடவுள் எங்கயும் ஓடமாட்டார்."

ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் வைத்தார்கள். மாலைக்குள் கொடுக்க வேண்டிய கலியாண பிளவுஸ்களைப் பாதித் தையலில் விட்டுவிட்டு, அக்கா எங்களோடு ஆஸ்பத்திரி வாங்கிலேயே உட்கார்ந்திருந்தார். உன் மூச்சு சீரானதும் நான் கைகூப்பினேன்.

"அக்கா, உங்களுக்காக ஜெபிக்கிறன்."

"ஐயோ, வேண்டாம் தம்பி! என்ர வாயைக் கட்டச் சொல்லி ஜெபிச்சதே போதும். மைக்கில எல்லாம் கேட்டது. கட்டியிருந்தா இண்டைக்கு ஆர் கத்திறது?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

பிள்ளைகளே, ஆண்டவர் என் ஒரு ஜெபத்தைத் தள்ளி, மற்றதைக் கேட்டார். பதிலை நான் மேலே தேடினேன். அது படியேறி வந்து கதவைத் தட்டியது. அயலவரை நேசிப்பது எப்படி என்று பதினைந்து வருடம் பிரசங்கம் கேட்ட எனக்கு, ஒரு பிரசங்கமும் கேளாத அக்கா செய்து காட்டினார். இப்போது மைக் இல்லை. ஜெப நேரத்திலும் கதவு திறந்தே இருக்கிறது. நீங்களும் ஆண்டவரை நம்பிக் கேளுங்கள். அவர் யாரை அனுப்பினாலும் உள்ளே விடுங்கள்.

அந்த வெள்ளிக்கு மறுநாள் அக்கா பிளவுஸ் கொடுக்கப் போயிருந்தார். அவர் வாசலில் தண்ணீர் ஓடும் கானில் குப்பை அடைத்து, மழைத் தண்ணீர் படிவரை தேங்கி நின்றது. நான் இறங்கிப் போய், சாரத்தை மடித்துக் கட்டி, கையாலேயே எல்லாவற்றையும் அள்ளினேன். தண்ணீர் ஓடத் தொடங்கியதும் படியைக் கழுவிவிட்டு மேலே வந்துவிட்டேன்.