கச்சானில் போன எரு

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன்னால் சலூனுக்குப் போயிருந்தேன். காதோரம் நரைத்த நாலு முடிக்கு டை அடிக்கும் எண்ணம். வயது முப்பத்தைந்துகூட ஆகவில்லை, ஆனால் முடிக்கு அது தெரியவில்லை. சலூன்காரர் டையைக் கலக்கியதும் மூக்கில் ஏறிய அந்தக் காரத்தில் கண் கலங்கிவிட்டது. "எரியுதா நானா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டார். ஓம் என்று சொல்லி வைத்தேன். எரிந்தது டையால் மட்டுமல்ல என்று அவருக்கு எப்படிச் சொல்வது? அதே காரம் என் அக்கா, ராத்தாவின் குசினிக்குள் நாள் முழுக்க நின்ற ஒரு காலம் இருந்தது.

எங்கள் ஊரை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். கிழக்கே கடல், மேற்கே வயல் வட்டை, நடுவில் ஒன்றின் கூரையில் ஒன்று முட்டிக்கொண்டு நிற்கும் வீடுகள். என் ராத்தாவின் வீடு மேற்கு ஓரம். பின்கதவைத் திறந்தால் அவளுடைய வயல். எங்கள் பக்கத்தில் வீடும் வயலும் பெண்ணுக்குத்தான். உம்மாவின் சீதனமாக வந்த அந்த வயலை உம்மா ராத்தாவுக்குக் கொடுத்தார். ராத்தா அதைத் தன் மகளுக்கு என்று வைத்திருந்தாள். அவள் புருஷன், என் மச்சான், அதில் உழைத்தார். என்னைப் போன்ற ஆண்பிள்ளைகளுக்கு அந்த வீட்டுச் சாப்பாட்டில் மட்டும் பங்கு. அதில் நான் ஒருநாளும் குறை வைத்ததில்லை.

இறக்குமதித் தடையால் யூரியா இல்லாமல் போன காலம் அது. நான் கல்முனையில் ஓர் உரக்கடையில் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான். விற்க ஒரு மூட்டையும் இல்லை. வருகிறவர்கள் கேட்பார்கள், நான் தலையை ஆட்டுவேன். தலையாட்டச் சம்பளம் வாங்கிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். மாரிப் போகம் உரமில்லாமல் பாதி பதராய்ப் போயிருந்தது. அடுத்து வரும் சிறுபோகமும் பொய்த்தால் வயலை விற்பதைத் தவிர வழியில்லை என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்ததால் யாரும் அதைப் பற்றிக் கதைப்பதில்லை.

மச்சான் சும்மா இருக்கிற மனிதர் அல்ல. மேற்கே மேய்ச்சல் தரைப் பக்கம் செம்மறிப் பட்டி வைத்திருந்த ஒருவரைப் பிடித்து, பட்டியடியில் மூத்திரத்தில் ஊறிக் கிடந்த புழுக்கையைச் சுரண்டி, உழவு மெசினின் இழுவைப் பெட்டியில் பெட்டி பெட்டியாக ஏற்றி வந்தார். வந்த கையோடு வயல் முழுக்க விசிறிவிட்டார். அடுத்த நாளே உழுது மண்ணுக்குள் தள்ளிவிடலாம் என்று கணக்கு. ஆனால் டீசல் வரவில்லை. மெசின்கள் எல்லாம் எண்ணெய்க்கு வரிசையில் நின்றன. வாய்க்காலில் தண்ணீரும் பிந்தியது. எரு வெயிலில் விரித்தபடி கிடந்தது.

ஒரு சின்னத் தூறல் விழுந்தது. எருவை நனைக்கப் போதும், மண்ணுக்குள் இறக்கப் போதாது. மறுநாள் வெயில் ஏறியதும் கச்சான் காற்று பிடித்தது. கச்சான் மேற்கேயிருந்து வயலைத் தடவி, ஊரைக் கடந்து, கடலுக்குப் போகும் காற்று. அன்று அது ராத்தாவின் பின்கதவால் நுழைந்தது. சோறு மணத்தது, தலையணை மணத்தது, பள்ளிக்குப் போன மகளின் சட்டை மணத்தது. பிள்ளை கண்ணைக் கசக்கிக்கொண்டே திரிந்தாள். வரம்பில் கொக்குகள்கூட இறங்கவில்லை.

ஊரோ அதைக் கொண்டாடியது. மணம்தான் எருவின் சத்து என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. மூக்கைத் தோள்துண்டால் பொத்திக்கொண்டு வந்து, வரம்பில் நின்று, இந்த வட்டையிலேயே இதுதான் எரு என்று மச்சானைப் புகழ்ந்துவிட்டுப் போனார்கள். பக்கத்து வயல்காரர் இருவர் அதே பட்டியைத் தேடிப் போய் ஏற்றி வந்து விசிறினார்கள். அந்தக் காரத்துக்குப் பெயர் அமோனியா என்று பள்ளியில் படித்த நானும் சேர்ந்து தலையாட்டினேன். அதற்குத்தான் பழக்கம் இருந்ததே.

ராத்தாவுக்கு மட்டும் பயம் பிடித்திருந்தது. ஒரு பகல் மச்சானுக்குச் சோறு போடும்போது அவள் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

"இஞ்ச, கறிச்சட்டிய மூடாம வெச்சா மணம் ஊருக்குப் போயிரும், சட்டிக்குள்ள என்ன மிஞ்சும்? இவ்வளவும் எங்கட மூக்குக்கு வந்தா வயலுக்கு என்ன இரிக்கி?"

"மணக்காத எரு செத்த எரு புள்ள. நீ குசினியப் பாரு," என்றார் மச்சான் சிரித்தபடி.

விசிறியது போக மிஞ்சிய கடைசிப் பெட்டி எரு இன்னும் முற்றத்தில் குவியலாகக் கிடந்தது. ராத்தா அதை அழுத்தி மிதித்து, தார்ப்பாய்ப் படங்கை விரித்து மூடி, நாலு பக்கமும் கல் வைத்தாள். தண்ணீர் வரும்வரை யாரும் தொடக் கூடாது என்றாள்.

பிறகு ஒரு காலையில் மணம் நின்றுபோனது. பின்கதவால் வெறும் காற்று வந்தது. சத்து மண்ணுக்குள் இறங்கிவிட்டது என்று மச்சான் அல்ஹம்துலில்லாஹ் சொன்னார். ராத்தா கதவைப் பிடித்துக்கொண்டு வயலையே பார்த்தபடி நின்றாள். நோயாளி அனுங்குவதை நிறுத்தினால் வீட்டார் பயப்படுவார்களே, அந்த மாதிரி.

டீசலும் தண்ணீரும் வந்தன. உழுதார்கள், விதைத்தார்கள். ராத்தா மூடி வைத்த குவியலைத் தெருவோரத்து வரவை ஒன்றில், வரம்பு கட்டிய அந்த ஒரு வயல் துண்டில் மட்டும் போட்டு, அன்றைக்கே சேற்றோடு மிதித்து அமுக்கவைத்தாள். பயிர் ஒரு சாண் வளர்ந்தபோது வரம்பில் ஏறிப் பார்த்தோம். அந்த ஒரு வரவை கரும்பச்சை. மற்றதெல்லாம் வெளிறிப்போய் மஞ்சளாக நின்றது. பக்கத்து வயல்களும் அப்படியே. பயிரைப் பச்சையாக்கும் நைதரசன்தான் அந்தக் காரமாக மாறிக் காற்றோடு போனது என்று பின்னாளில் ஒரு விவசாயப் போதனாசிரியர் விளக்கினார். அதற்குள் விளக்கத்துக்குத் தேவை முடிந்துவிட்டது.

வயலை வாங்க வந்த மனிதர் அந்தப் பச்சையைக் கண்டு, அது மட்டும் ஏன் அப்படி என்று கேட்டார்.

"அது என்ட பொஞ்சாதி போட்ட எரு," என்றார் மச்சான். "மத்ததெல்லாம் நான் போட்டது."

அவர் அப்படித் தலை குனிந்து நான் பார்த்ததில்லை. என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வயல் அவருக்கே விலையாகிப் போனது. இப்போது பின்கதவைத் திறந்தால் கொட்டி நிரப்பிய கிரவல் மண்ணும் மதிலும். தெருவோரம் என்பதால் அந்தப் பச்சை வரவையைத்தான் முதலில் நிரப்பினார்கள். மச்சான் கத்தாரில் இருக்கிறார். போனில் எல்லாம் விசாரிப்பார், வட்டையைப் பற்றி மட்டும் கேட்கமாட்டார். மகள் பெரியபிள்ளையாகிவிட்டாள். சீதனப் பேச்சை யாராவது விளையாட்டாக எடுத்தால்கூட ராத்தா எழுந்து போய்விடுகிறாள். உம்மாவிடமிருந்து மகளுக்கும், அவளிடமிருந்து அவள் மகளுக்கும் போக வேண்டிய வயல் அது. எங்கள் தலைக்கு மேலால் கடலுக்குப் போயிற்று. போகும்போது ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு நின்று, நல்ல எரு என்று சொன்னோம்.